நெய்யாற்றின் இரு கரை – 17: மாடி ஏற யாருக்கு உரிமை?

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் உதியன்குளங்கரை வரும். அதை ஒட்டி உள்ளே போனால் செங்கல் கிராமம். தென்னையும் மரச்சீனியும் வாழையுமாகக் கிடக்கும் அந்த ஊரில், மகேஸ்வரம் சிவபார்வதி கோயில் வளாகத்துக்குள் 111.2 அடி உயரச் சிவலிங்கம் நிற்கிறது. 2012இல் வேலை தொடங்கி 2019 நவம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளே எட்டு நிலைகள். குகை போல வளைந்து வளைந்து ஏறும் பாதை நெடுக சிவனின் பல வடிவங்கள். நடுநிலைகள் ஆறும் உடலின் ஆறு ஆதாரங்களைக் குறிப்பவை. உச்சி நிலையில் கயிலாயக் காட்சி. களியக்காவிளை தாண்டி நம் பக்கத்திலிருந்தும், திருவனந்தபுரம் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து ஏறுகிறார்கள். முட்டுவலிக்காரப் பாட்டிமார்கூட பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள்.

சீட்டு எடுத்து உயரம் ஏறிப் பார்ப்பது உலகமெங்கும் நடப்பதுதான். 1889இல் ஈஃபில் கோபுரம் எழுந்ததிலிருந்து பெருநகரங்கள் இதை ஒரு தொழிலாகவே நடத்துகின்றன. நெய்யாற்றுக்கும் குழித்துறை ஆற்றுக்கும் இடைப்பட்ட இந்த எல்லை மண்ணில் மட்டும் அதற்கு வேறொரு வரலாறு உண்டு. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஒருவன் நிற்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்த மண் இது. செங்கல்லில் வரிசையில் நின்று ஏறுகிறவர்களில் பெரும்பாலோருடைய முப்பாட்டன்மாருக்குச் சொந்த வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்ப அனுமதி கிடையாது. அந்தத் தடையையும் அது தகர்ந்த வழியையும் இந்த இதழில் பார்ப்போம்.

மார்த்தாண்ட வர்மரை எட்டுவீட்டுப் பிள்ளைமார் துரத்திய காலத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்துக்குள் புகுந்து அவர் உயிர் பிழைத்தார் என்பது ஊர் வழக்கு. கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அந்த அம்மச்சிப்பிலாவின் அடிமரத்தை இன்றும் காட்டுகிறார்கள். பொந்துக்குள் ஒடுங்கிக் கிடந்ததாகச் சொல்லப்படும் அதே மனிதர்தான், அரியணையில் உறுதியாக அமர்ந்தபின் பத்மநாபபுரம் அரண்மனையில் உப்பரிகை மாளிகையைக் கட்டினார். ஆண்டு 1750. நான்கு நிலைகள். அடியில் கருவூலம். அதன்மேல் மூலிகை மரங்களால் ஆன கட்டில் கிடக்கும் பள்ளியறை. அதற்கும் மேலே மன்னர் ஓய்வெடுக்கும் அறை. உச்சியில் சுவரோவியங்கள் சூழ்ந்த பூசை அறை. நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து அவருடைய தாசனாக ஆண்டவர் என்பதால், உச்சி நிலை தெய்வத்துக்கு. அதற்கடுத்த நிலைகள் அரசனுக்கு. மற்ற எல்லோரும் அதற்குக் கீழே.

இந்த வரிசை அரண்மனைச் சுவருக்குள் நிற்கவில்லை. ஊருக்குள்ளும் அதே வரிசைதான். தென்திருவிதாங்கூரில் நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன்னகை அணியக் கூடாது, பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது, மேலாடை அணியக் கூடாது. இந்தப் பட்டியலைப் பலரும் கேட்டிருப்போம். அதே பட்டியலில், அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது: வீடு ஒரே தளத்தோடு நிற்க வேண்டும். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில் இந்தத் தடைகளை எழுதி வைத்திருக்கிறார். நாடார்களின் வரலாற்றை ஆராய்ந்த ராபர்ட் ஹார்ட்கிரேவும் நூறு ஆண்டுகள் கழித்து இதைக் குறிப்பிட்டார்.

குடைத் தடையின் காரணம் எளிதாகப் புரிகிறது. குடை அதிகாரத்தின் அடையாளம். செருப்பும் நகையும் அப்படியே. மாடிக்கு ஏன் தடை? என் எண்ணம் இது. மாடியில் நிற்பவன் அடுத்தவன் முற்றத்தைப் பார்ப்பான். நாலுகெட்டுத் தரவாட்டின் மதில் அவன் கண்ணை மறைக்காது. தெருவில் போகும் மேல்சாதிக்காரரின் தலை அவன் காலுக்குக் கீழே போகும். இத்தனை அடி தூரத்துக்குள் வரக் கூடாது என்று தீண்டாமைக்கே அளவு வைத்த நாடு இது. படுக்கைவாட்டில் அளந்தவர்கள் செங்குத்தாகவும் அளந்தார்கள்.

இதில் ஒரு முரண் உண்டு. எனக்கு நெஞ்சில் அறைவது அதுதான். மாடி மறுக்கப்பட்ட அதே மனிதர்கள்தாம் இந்த நாட்டில் எல்லோரையும்விட உயரத்தில் நின்று வேலை செய்தவர்கள்.

பனையேறியை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்னே எழுந்துவிடுவார். இடுப்பில் அரிவாள்பெட்டி, அதற்குள் பாளை சீவும் அரிவாள், இன்னொரு பக்கம் கலயம். காலுக்குத் திளாப்பு. முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து அதில் முதல் அடி வைத்து, பிறகு நெஞ்சால் மரத்தை அணைத்து, கையால் வளைத்து, கால்களைச் சேர்த்து உந்தி உந்தி ஏறுவார். நெஞ்சிலும் முழங்கையிலும் தோல் காய்த்துத் தடித்திருக்கும். அறுபது, எழுபது அடிக்கு மேலே மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பாளையின் நுனியை மெலிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, நிறைந்ததை எடுத்துக்கொண்டு இறங்குவார். அடுத்த மரம். அதற்கடுத்தது. ஒருவர் முப்பது நாற்பது மரம் ஏறுவார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இறக்கிய அக்கானியை வீட்டில் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். தென்னையில் ஏறிக் கள்ளிறக்கிய ஈழவர்களின் பாடும் இதேதான். கால் நழுவினால் குடும்பம் தெருவில்.

அந்த உச்சியிலிருந்து அவர்கள் கண்டிருக்கக்கூடியதை எண்ணிப் பாருங்கள். மேற்கே கடல். கிழக்கே அகத்தியர் கூடத்தின் நீல முகடு. நடுவே ஆறும் குளமும் ஏலாவும் சர்ப்பக்காவும் கோயில் கூரைகளும். மன்னரின் நான்காம் நிலையைவிட உயரமான இடம் அது. நாள் முழுக்க மேலே இருந்துவிட்டு, அந்தியில் இறங்கி, ஓலை வேய்ந்த ஒற்றைத் தளக் குடிலுக்குள் குனிந்து நுழைய வேண்டும்.

அந்த ஏற்றத்துக்கும் வரி இருந்தது. 849இல் வேணாட்டின் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேட்டில், பள்ளிக்கு விட்டுக்கொடுத்த வரிகளுக்கு நடுவே ஏணிக்காணம் வருகிறது. மரம் ஏற ஏணி சாய்ப்பவன் செலுத்த வேண்டிய வரி. விட்டுக்கொடுத்தார்கள் என்றால், அதுவரை வசூலித்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? பிழைப்புக்காக ஏறினால் வரி, வசிப்பதற்காக ஏறினால் தண்டனை. ஆயிரம் ஆண்டுகளுக்கு இந்த மண்ணில் உயரத்தின் சட்டம் இதுவாகத்தான் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறு வகை ஆட்கள் மேலே ஏறினார்கள். தொலைநோக்கியோடு வந்த நில அளவையாளர்கள். லாம்டன் 1802இல் சென்னையில் தொடங்கிய முக்கோண அளவை, தெற்கே வர வர மலையுச்சி கிடைக்காத சமவெளியில் கோயில் கோபுரங்களைப் பயன்படுத்தியது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே இழுக்கும்போது வடம் அறுந்து அவருடைய பெரிய கோணமானி மோதிச் சேதமான கதை அளவைத்துறையில் பிரசித்தம். குமரிமுனைக்கு அருகே வந்துதான் அந்த நெடுங்கோடு முடிந்தது. அதன் தொடர்ச்சியாக வார்ட், கான்னர் என்ற இரு லெப்டினென்ட்கள் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள். நெய்யாற்றின்கரை, விளவங்கோடு, கல்குளம் எல்லாம் முதன்முறையாகத் துல்லியமான வரைபடத்தில் ஏறியது அப்போதுதான். குன்றுகளின் உச்சியில் நின்று கோணம் பார்த்து, கீழே இறங்கி ஊர், குளம், வீட்டு எண்ணிக்கை என்று எழுதினார்கள். பின்னாளில் இங்கே எல்லை பிரித்தவர்களுக்கு அடிப்படையாகக் கிடந்தது இந்த வகைப் படங்கள்தாம். அதை வேறொரு இதழில் விரிவாக எழுத வேண்டும்.

அகத்தியர் கூடத்தையும் ஒருவர் விட்டுவைக்கவில்லை. சுவாதித் திருநாள் திருவனந்தபுரத்தில் நிறுவிய வானாய்வு நிலையத்தின் தலைவராக 1852இல் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன், 1855இல் அந்த முகட்டில் காந்தப்புல ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்தார். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆறாயிரம் அடி. யானைக்காடு, அட்டைக்காடு, அதற்கு மேலே வழுக்குப் பாறை. கருவிகளும் கட்டுமானப் பொருள்களும் மனிதத் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும். திருவனந்தபுரத்திலும் மேலேயும் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளை அவர் 1874இல் நூலாக வெளியிட்டார். அறிவியலுக்காக அந்த மலை அப்படித் திறந்தது. பெண்களுக்குத் திறக்க இன்னும் வெகுகாலம் ஆயிற்று. கேரள உயர்நீதிமன்றம் 2018 நவம்பரில் உத்தரவிட்டபின், 2019 ஜனவரியில் கே. தன்யா சனல் அனுமதி பெற்று ஏறினார். அப்போது பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பாளராக இருந்தவர் அவர். செங்கல் லிங்கம் திறந்ததும் அதே ஆண்டில்தான்.

இந்த வட்டாரத்துக் குன்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அருவிப்புறத்துக் கொடிதூக்கிமலை. நெய்யாற்றின்கரையிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம். பெரிய மலை ஒன்றும் இல்லை. பாறை ஏறி உச்சிக்குப் போனால் நெய்யாறு வளைந்து போவதும், தென்னந்தலைகளுக்கு அப்பால் கடலின் கோடும் தெரியும். அங்கே ஒரு குகையில்தான் நாராயண குரு தவமிருந்தார். பிறகு மலையிலிருந்து இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தார். 1888 மகாசிவராத்திரி இரவில் நெய்யாற்றின் சங்கரன்குழி என்னும் ஆழத்தில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து, அதையே சிவலிங்கமாகப் பிரதிட்டை செய்தார். ஈழவருக்குப் பிரதிட்டை செய்யும் உரிமை ஏது என்று கேட்டவர்களுக்கு, தான் நிறுத்தியது ஈழவச் சிவனை என்று அவர் விடை சொன்னதாக ஊரே அறியும். அந்தக் கோயிலை ஒட்டி எழுந்த சங்கமே வளர்ந்து 1903இல் நாராயண தர்ம பரிபாலன யோகம் ஆயிற்று.

கையால் தூக்கிய அந்த ஆற்றுக்கல்லும், செங்கல்லில் நிற்கும் 111 அடி லிங்கமும் ஒரே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. இடையில் 131 ஆண்டுகள். என்னைக் கேட்டால் உயரமானது முதல் லிங்கம்தான். அன்று அந்தக் கல் இல்லாமல் போயிருந்தால், இன்று எட்டு நிலையும் ஏறிப்போய்க் கயிலாயக் காட்சி பார்க்கும் கூட்டத்தில் பாதிப்பேர் கோயில் வாசலுக்கு வெளியே நின்றிருப்பார்கள்.

தடை உடைந்த கதையில் அருவிப்புறம் ஒரு படி. அதற்கு முன்னும் பின்னும் படிகள் உண்டு. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார், திருவனந்தபுரத்தில் சிறையிலும் கிடந்தார். பாறசாலையில் லண்டன் மிஷனின் ஜான் ஆப்ஸ் தங்கிப் பள்ளிகளை நடத்தினார். 1855இல் அடிமைமுறை ஒழிந்தது. 1859 ஜூலை 26 அன்று வந்த அரச ஆணை நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமையை, மேல்சாதிப் பெண்கள் அணிவது போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. விழிஞ்ஞத்துக்கு அடுத்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893இல் வில்லுவண்டி பூட்டிப் பொதுவழியில் ஓட்டினார். வில்லுவண்டியின் இருக்கையும் தரைக்கு மேலே ஓர் உயரம்தான். நடந்தே போக வேண்டியவன் வண்டியில் உட்கார்ந்து போனதைத்தான் எதிரிகளால் பொறுக்க முடியவில்லை. மாடித் தடை எந்த நாளில் நீங்கியது என்று ஒரு தேதியைக் குறித்துவிட முடியாது. சட்டம் மாறியபிறகும் அச்சம் வீடுகளில் குடியிருந்தது. கையில் காசு வந்தபிறகும் பழைய வீட்டின் மேல் மாடி கட்டத் துணியாமல், தட்டட்டி மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொண்ட குடும்பங்களை எல்லையின் இரு பக்கமும் எனக்குத் தெரியும்.

1956 நவம்பர் 1 அன்று எல்லை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தில் தங்கிவிட்டது. பாறசாலை அந்தப் பக்கம், களியக்காவிளை இந்தப் பக்கம். தலைநகர் திருவனந்தபுரம் என்று பழகியவர்களுக்குத் தலைநகர் சென்னை ஆயிற்று. மூன்று ஆண்டுகளில், 1959 ஆகஸ்டில், சென்னை மவுண்ட் ரோட்டில் எல்ஐசி கட்டடம் திறந்தார்கள். பதினாலு மாடி. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து முதன்முறையாகச் சென்னைக்கு ரயிலேறியவர்கள் மெரினாவுக்கு அடுத்தபடியாக அதைத்தான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

எல்லைக்கு இரு பக்கமும் அதன்பின் எழுந்த உயரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு ஒற்றுமை என் கண்ணில் பட்டது. பறளியாற்றுக்குக் குறுக்கே, இரு குன்றுகளுக்கு இடையே, காமராஜர் முயற்சியில் எழுந்து 1966இல் முடிந்த மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி. நெய்யாற்றின்கரை தாலுகாவின் கடலோரத்தில், விழிஞ்ஞத்தில் 1972 ஜூன் 30 அன்று ஒளி ஏற்றிய கலங்கரை விளக்கம் 36 மீட்டர், அதாவது 118 அடி. செங்கல் லிங்கம் 111. மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். நன்கு வளர்ந்த பனையைவிடச் சற்றே கூடுதல். மூன்றையும் கட்டிய நோக்கம் வேறு வேறு: ஒன்று பாசனத்துக்கு, ஒன்று கப்பலுக்கு, ஒன்று வழிபாட்டுக்கு. மூன்றிலும் இன்று யார் வேண்டுமானாலும் ஏறலாம்.

மாத்தூரில் நடந்து பார்க்காதவர்கள் ஒருமுறை போய்வர வேண்டும். தொட்டியில் தண்ணீர் ஓட, அதை ஒட்டிய ஒடுங்கிய நடைபாதையில் ஆள் போகலாம். எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கித்தான் விட வேண்டும். இருபத்தெட்டுத் தூண்களும் கீழே பள்ளத்தாக்கில் இறங்கிப் போகின்றன. கீழே ரப்பரும் வாழையும் தென்னையும். தென்னையின் கொண்டை நம் காலுக்குக் கீழே இருக்கும். மரம் ஏறாமலே மரத்தின் உச்சியை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு, பாசனத்துக்காகக் கட்டிய ஒரு பாலத்தால் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. விளவங்கோடு, கல்குளம் வயல்களுக்கு நீர் கொண்டுபோகும் வேலையை அது இன்னும் பார்க்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுலா வருகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

விழிஞ்ஞம் கலங்கரை விளக்கத்தில் பிற்பகலில் ஆட்களை ஏறவிடுகிறார்கள். செம்பட்டையும் வெண்பட்டையும் மாறி மாறித் தீட்டிய உருளைக் கோபுரம். மேலே மாடத்தில் காற்று ஆளைத் தள்ளும். வடக்கே கோவளத்தின் பிறைக் கடற்கரைகள். தெற்கே மீன்பிடித் துறைமுகம், பள்ளிவாசல், மாதா கோயில். அதற்கும் அப்பால் 2025 மே 2 அன்று முறைப்படி தொடங்கிவைத்த சரக்குத் துறைமுகத்தின் ராட்சதப் பாரந்தூக்கிகள். பழைய ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்த இடத்தில் இப்போது உலகின் பெருங்கப்பல்கள் வந்து நிற்கின்றன. கட்டுமரமும் கண்டெய்னர் கப்பலும் ஒரே பார்வைக்குள் அடங்கும். நின்ற இடத்திலிருந்து கிழக்கே திரும்பினால் அய்யன்காளியின் வெங்ஙானூர் பக்கத் தென்னங்காடு. மாடத்தில் அந்தத் திசையைச் சுட்டிக்காட்டி யாராவது பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.

இந்தக் கதை துபாயையும் தொடுகிறது. இந்த எல்லைக் கிராமங்களில் ஒரு தலைமுறையே வளைகுடாவில் உழைத்தது. கொத்தனார், கம்பி கட்டுபவர், மின்பணியாளர், ஓட்டுநர். 2010 ஜனவரி 4 அன்று திறந்த புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். அதன் 124ஆம் தளத்தில், 452 மீட்டர் உயரத்தில், காட்சி மாடம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்க விசிட் விசாவில் போகும் அப்பா அம்மாவை அங்கே கூட்டிப்போய்ப் படம் எடுக்காமல் அனுப்புவதில்லை. வேட்டியில் அப்பாவும் சேலையில் அம்மாவும் கண்ணாடிச் சுவரை ஒட்டி விறைத்து நிற்கும் அந்தப் படம், ஊரில் வரவேற்பறைச் சுவரில் ஏறிவிடும். அது தொங்கும் வீடும் பெரும்பாலும் இரண்டு மாடி. பணம் அனுப்பிக் கட்டியது. மேல்மாடியில் ஆளே இல்லாத வீடுகள்கூட நிறைய. வீண்செலவு என்று அவற்றைப் பழிப்பவர்கள் உண்டு. நான் பழிக்க மாட்டேன். ஒற்றைத் தளத்துக்கு மேல் எழும்பாதே என்று பாட்டனுக்குச் சொன்ன ஊரில் பேரன் எழுப்பும் மாடிக்குக் கணக்கு வேறு.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பத்மநாபபுரம் அரண்மனைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்பரிகை மாளிகையின் மரவேலைப்பாட்டைச் சொல்கிறோம், மூலிகைக் கட்டிலைச் சொல்கிறோம். அந்த நான்கு நிலைகள் நின்ற நாட்டில் ஊரில் பாதிக்கு இரண்டாம் நிலை விலக்கப்பட்டிருந்தது என்று ஒரு வரிகூட அங்கே இருக்க வேண்டாமா? அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் அதன் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம். இரு அரசும் சேர்ந்து ஒரு பலகை வைக்கலாம், தமிழிலும் மலையாளத்திலும். பக்கத்தில் ஒரு முருக்குத்தடியையும் திளாப்பையும் ஒரு பழைய கலயத்தையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். பனையேறிகள் குறைந்துவிட்ட காலம். ஏறத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. அந்தக் கருவிகளின் பெயரைச் சொல்லித்தர ஆள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

அடுத்த இதழில்: 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு.